ஆள் சேராத நல்ல நாடகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1996 முதல் 2019 வரை மன்னார்குடியிலும் வடுவூர், கோட்டூர், நீடாமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று கேபிள் சந்தா வசூலித்தவன் நான். ரசீது எழுதும் இரண்டு நிமிடத்தில் அந்த வீட்டுத் தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறது என்பதும், அதை யார் பார்க்கிறார்கள் என்பதும் கண்ணில் பட்டுவிடும். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, விமர்சகர்கள் கொண்டாடியும் பார்வையாளர்கள் கிடைக்காமல் தவித்த தொலைக்காட்சி நாடகங்களைக் குறுந்தகட்டில் பார்த்துப் பேசுகிறோம். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, என்னால் இயன்ற பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

எல்லாரும் புகழுறாங்க, ஆனா யாரும் பார்க்கலைன்னு சொல்றீங்களே, அப்படி ஒரு நாடகம் இருக்கா?

இருக்கிறது. முதலில் சொல்ல வேண்டிய பெயர் 'தி வயர்'. அமெரிக்காவின் எச்.பி.ஓ. சேனலில் 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை ஐந்து சீசன்களாக, மொத்தம் 60 எபிசோடுகள் ஒளிபரப்பானது. பால்டிமோர் நகரத்துப் போலீசாரையும் போதைப்பொருள் விற்பவர்களையும் வைத்துத் தொடங்கும் கதை, துறைமுகத் தொழிலாளர்கள், நகர அரசியல், பள்ளிக்கூடம், செய்தித்தாள் அலுவலகம் என்று ஒவ்வொரு சீசனிலும் ஒரு புதிய களத்துக்குள் நுழைகிறது. எழுதியவர்களில் டேவிட் சைமன் அந்த நகரத்திலேயே பல ஆண்டுகள் நிருபராக இருந்தவர். எட் பர்ன்ஸ் அங்கே போலீஸ் துப்பறிவாளராகவும் பிறகு பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர்.

தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டவற்றுள் மிகச் சிறந்தவை எவை என்று விமர்சகர்கள் பட்டியல் போடும்போதெல்லாம் இதன் பெயர் மேலே வருகிறது. ஆனால் ஓடிய ஆறு ஆண்டுகளிலும் இதற்குக் கூட்டம் சேரவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் உயரிய விருதான எம்மி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எழுத்துக்காக இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டதோடு சரி.

நல்லா இருந்தா ஜனங்க பார்க்க மாட்டாங்களா அண்ணே? எங்களுக்கு ரசனை இல்லைங்கிறீங்களா?

இல்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் வாசல் வாசலாக நின்று பார்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்: ரசனை இல்லை என்ற பேச்சு, வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதவர்களின் பேச்சு. சம்பா நடவுக் காலத்தில் பொழுது விடியுமுன் எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டு, நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நின்று திரும்பும் ஒரு பெண் இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முன் அமரவில்லை. அடுப்படியில் நின்றபடி அதைக் கேட்கிறாள். நம் நெடுந்தொடர்கள் அப்படிக் கேட்பதற்காகவே அமைக்கப்பட்டவை. ஒரு செய்தியை மூன்று பேர் மூன்று முறை சொல்வார்கள். யார் கெட்டவர் என்பதை முகத்தைப் பார்க்காமலே இசை சொல்லிவிடும். அது ஒரு தொழில் திறமை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, நான் வசூலுக்குப் போகும் ஊர்களில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வெளிச்சம் வந்த முதல் வாரத்தில் கோட்டூர்ப் பக்கம் ஓர் அம்மா, ஒரு மாதம் விட்டுப்போன தொடரை ஒரே எபிசோடில் பிடித்துக்கொண்டு, நடந்தது அத்தனையையும் எனக்கே எடுத்துச் சொன்னார். 'தி வயர்' போன்ற நாடகத்தில் ஒரு வாரம் விட்டாலே வழி தப்பிவிடும், ஏனென்றால் அதில் பாதி விஷயம் வசனத்தில் இல்லை, ஒருவர் இன்னொருவரைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. ஆகவே அந்த நாடகம் பார்ப்பவரிடம் கேட்பது, வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு மணி நேரத்தை. அந்த ஒரு மணி நேரம் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

டி.ஆர்.பி., டி.ஆர்.பி.ங்கிறாங்களே, எங்க வீட்டுக்கு யாரும் வந்து கேட்டதே இல்லையே?

பெரும்பாலும் வர மாட்டார்கள். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற இந்தக் கணக்கை இந்தியாவில் 2015 முதல் பார்க் என்ற அமைப்பு வெளியிட்டுவருகிறது. ஏறக்குறைய 55,000 வீடுகளில் ஒரு சிறு மீட்டரைப் பொருத்தியிருக்கிறார்கள். நிகழ்ச்சியின் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்து வரும். மீட்டர் அதைக் கண்டு எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிந்துகொள்ளும். வீட்டில் யார் பார்க்கிறார் என்பதை அவரவர் தமக்குரிய பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வேண்டும். நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் ஏறக்குறைய 21 கோடி என்று வைத்துக்கொண்டால், மூவாயிரத்து எண்ணூறு வீடுகளுக்கு ஒரு மீட்டர் வீதம் வருகிறது. மீட்டர் உள்ள வீடு எது என்பது இரகசியம்.

மாதிரி எடுத்துக் கணக்கிடுவது தவறான முறை அன்று. ஒரு சோற்றுப் பதம் பார்ப்பது போலத்தான். பெரிய கூட்டத்தை அது ஓரளவு சரியாகவே அளக்கும். சிறிய கூட்டத்தை அளப்பதில்தான் அது தடுமாறுகிறது: ஒரு நாடகத்தை மிகச் சிலரே பார்க்கும்போது, நாலைந்து மீட்டர் வீடுகள் அன்று ஊருக்குப் போயிருந்தாலும் அதன் எண் சரிந்துவிடும். இன்னொன்று, மீட்டருக்கு ஈடுபாட்டின் அளவு தெரியாது. அடுப்படியில் இருந்தபடி காதில் வாங்கியவரும், அழுது முடித்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவரும் அதற்கு ஒன்றுதான்.

ஆள் கம்மின்னா உடனே நிறுத்திடுவாங்களா?

சேனலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. விளம்பரத்தால் வாழும் சேனல், பார்க்கும் தலைகளை விளம்பரதாரருக்கு விற்கிறது. தலை குறைந்தால் வருமானம் குறையும். சந்தாவால் வாழும் சேனலின் கணக்கு வேறு. எச்.பி.ஓ. விளம்பரம் வாங்குவதில்லை. ஒரு நாடகத்துக்காகச் சிலர் சந்தாவைத் தொடர்ந்து கட்டினாலும், அதனால் சேனலின் பெயர் உயர்ந்தாலும், அங்கே அது இலாபம்தான். 'தி வயர்' ஐந்து சீசன் பிழைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சந்தா வசூலித்தவன் என்பதால் எனக்கு இது எளிதில் புரிந்தது: எல்லாச் சேனலையும் பார்ப்பவரும் ஒரே ஒரு தொடருக்காக இணைப்பு வைத்திருப்பவரும் எனக்குக் கொடுத்தது ஒரே தொகைதான்.

விளம்பரச் சேனலிலும் பிழைத்த கதைகள் உண்டு. 1981 ஜனவரியில் அமெரிக்காவின் என்.பி.சி. சேனல் தொடங்கிய 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' என்ற போலீஸ் நாடகத்துக்கு முதல் சீசனில் மிகக் குறைந்த கூட்டமே கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு அது 8 எம்மி விருதுகளை வாங்கியது. அதன்பின் ஆள் சேர்ந்து 1987 வரை ஓடியது. அப்போது என்.பி.சி. பெரிய சேனல்களில் கடைசி இடத்தில் இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாகப் போட, கைவசம் வெற்றித் தொடர்கள் வரிசையில் நிற்கவில்லை. முதலிடத்தில் இருந்திருந்தால் அவ்வளவு பொறுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

செலவைப் பகிர்ந்துகொண்ட வழியும் உண்டு. டெக்சாஸ் ஊர் ஒன்றின் பள்ளிக் கால்பந்து அணியைச் சுற்றி நடக்கும் 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' 2006இல் என்.பி.சி.யில் தொடங்கி, இரண்டு சீசனிலேயே தள்ளாடியது. மூன்றாவது சீசன் முதல் டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் நிறுவனம் செலவில் பங்கு கொடுத்து, தன் சந்தாதாரர்களுக்கு முதலில் காட்டியது, பிறகு என்.பி.சி. காட்டியது. இப்படி ஐந்து சீசன் முடித்து 2011இல் கௌரவமாக விடைபெற்றது.

நேரத்தை மாத்திக்கிட்டே இருந்தா நாங்க எங்கே போய்த் தேடுறது?

இது கேள்வியாக வரவில்லை, கோபமாகத்தான் வந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஒரு தனியார் சேனலில் வாரத்துக்கு ஒருமுறை வந்த நல்ல நாடகம் ஒன்றை முதலில் இரவு எட்டு மணிக்குப் போட்டார்கள், பிறகு பத்தரைக்குத் தள்ளினார்கள், பிறகு ஞாயிறு நண்பகலுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு காணோம். வடுவூரில் மூன்று வீட்டில் என்னிடம் "அது எங்கே போச்சு?" என்று கேட்டார்கள். கேபிள்காரனுக்குத் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். எனக்குத் தெரியவில்லை. கடைமடை நிலத்தில் விளைச்சல் இல்லை என்றால் மண்ணைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீர் வந்ததா என்று பார்ப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். நாடகத்துக்கும் அந்த நியாயத்தைச் செய்ய வேண்டும்.

இதே குளறுபடி அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. 'ஃபயர்ஃப்ளை' என்ற விண்வெளி நாடகத்தை 2002இல் ஃபாக்ஸ் சேனல், ஊரார் வெளியே கிளம்பிவிடும் வெள்ளி இரவில் வைத்தது. அதோடு நில்லாமல், கதை மாந்தரை அறிமுகப்படுத்த எடுத்த முதல் எபிசோடை எல்லாவற்றுக்கும் கடைசியில் காட்டியது. எடுத்தவை 14, அன்று ஒளிபரப்பானவை 11. யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாமல் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்?

விருது கொடுத்தா கூட்டம் வந்துடாதா?

சில நேரம் வரும். மேலே 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' பற்றிச் சொன்னேன். ஆனால் 1960களில் நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றில் நடப்பதைச் சொல்லும் 'மேட் மென்', 2008 முதல் 2011 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சிறந்த நாடகத்துக்கான எம்மியை வாங்கியும், பெரிய சேனல்களின் சாதாரணத் தொடர்களுக்கு வந்த கூட்டத்தில் ஒரு சிறு பங்கைத்தான் பெற்றது. ஏ.எம்.சி. என்ற சிறிய சேனல் அதனால் பெயர் பெற்றது. அந்தப் பெயரே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நாம எல்லாரும் கடிதம் எழுதினா திரும்பப் போடுவாங்களா சார்?

போட்டிருக்கிறார்கள். இரண்டு பெண் போலீசாரைப் பற்றிய 'கேக்னி அண்ட் லேசி'யை சி.பி.எஸ். சேனல் 1983இல் நிறுத்தியது. கடிதங்கள் குவிந்தன, 1984இல் நாடகம் திரும்பி வந்து 1988 வரை ஓடியது. ஆனால் கடிதம் மட்டும் அதைச் செய்யவில்லை. நிறுத்திய பிறகு கோடை மறு ஒளிபரப்பில் பார்ப்பவர் எண்ணிக்கை கூடியது. அதே ஆண்டு அதன் நாயகி டைன் டேலிக்குச் சிறந்த நடிகைக்கான எம்மியும் கிடைத்தது.

2007இல் அதே சேனல் 'ஜெரிக்கோ'வை நிறுத்தியபோது, ரசிகர்கள் அதில் வரும் ஒரு வசனத்தை நினைவூட்டும்படி இருபது டன்னுக்கும் மேல் நிலக்கடலை அனுப்பினார்கள். சேனல் இறங்கிவந்து மேலும் ஏழு எபிசோடுகளுக்கு ஒப்புக்கொண்டது. அவை முடிந்ததும் 2008இல் மறுபடி நிறுத்தியது. ஆர்வம் மிக்க சிலரின் குரல் கதவைத் திறக்க உதவும், திறந்த கதவு திறந்தே இருக்க மீட்டரும் ஒத்துழைக்க வேண்டும். எழுதுகிறவர்கள் எழுதட்டும், நானும் எழுதுகிறேன்.

தமிழ்ல அப்படி ஒண்ணும் வரலையா? எதுக்கு இங்கிலீஷ்காரன் கதையே சொல்றீங்க?

நல்லதும் வந்திருக்கிறது, கூட்டமும் வந்திருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஒரே சேனல் இருந்த அந்தக் காலத்தில் செவ்வாய்க்கிழமை நாடகத்துக்கு ஆள் சேருமா என்ற பேச்சே எழவில்லை. பெட்டி இருக்கும் வீட்டில் தெருவே கூடியது. (வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையில் இருந்தவர்களுக்கு இலங்கையின் ரூபவாஹினியும் கிடைத்தது, உயரமான ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பிடித்தவர்கள் இன்றும் அதைச் சொல்லி மகிழ்கிறார்கள்.) தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வாரத் தொடராக வந்து வீடுகளைக் கட்டிப்போட்டது. 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய 'மெட்டி ஒலி', ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் பாட்டை எண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளில் சொன்னது. அந்த நேரத்தில் வசூலுக்குப் போனால் எனக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள். ஆகவே தரமும் கூட்டமும் பகையாளிகள் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வழி வரவரக் குறுகிவிட்டது. நெடுந்தொடர் வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள் ஓட வேண்டும். இன்று எடுத்ததைச் சில நாட்களில் ஒளிபரப்ப வேண்டிய ஓட்டத்தில், எழுதியதைத் திருத்தவும் ஒரு காட்சியை மறுபடி எடுக்கவும் அவகாசம் கிடைப்பதில்லை. பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்கள்போல எடுத்த 'கதை நேரம்' சன் தொலைக்காட்சியில்தான் வந்தது. ஒரே வாரத்தில் தொடங்கி முடியும் அப்படிப்பட்ட படைப்புக்கு, "நாளை என்ன ஆகும்?" என்று பார்ப்பவரை இழுக்கும் கொக்கி கிடையாது. அந்த இழுப்பு இல்லாததற்கு இன்றைய பிரைம் நேரத்தில் இடமும் இல்லை. இதை நான் ஒரு பேரிழப்பாகவே நினைக்கிறேன்.

அதான் ஓ.டி.டி. வந்தாச்சே மாமா, இன்னும் என்ன?

பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நேரம் தவறினால் வழி தப்பும் என்று கஜா புயலை ஒட்டிச் சொன்ன சிக்கல் இங்கே இல்லை. விட்ட இடத்தில் தொடரலாம். 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்க நாடகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2008 ஜனவரியில் அதன் முதல் எபிசோடைச் சுமார் 14 லட்சம் பேர் பார்த்தார்கள். 2013 செப்டம்பரில் கடைசி எபிசோடை 1 கோடியே 3 லட்சம் பேர் பார்த்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய சீசன்கள் நெட்ஃபிளிக்ஸில் கிடைத்ததால், பின்னால் வந்தவர்கள் முதலிலிருந்து பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். படைத்தவர்களே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மீதிப் பாதி வேறு வடிவத்தில் நிற்கிறது. கணினித் தொழிலின் தொடக்க காலத்தைச் சொல்லும் 'ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்' 2014 முதல் 2017 வரை 40 எபிசோடுகள் வந்தது. அதன் பழைய சீசன்களும் இணையத்தில் கிடைத்தன. விமர்சகர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகப் புகழ்ந்தார்கள். ஆனாலும் கூட்டம் பெருகவில்லை. கிடைப்பது ஒன்று, கண்ணில் படுவது வேறு. ஆயிரம் பெயர்கள் உள்ள பட்டியலில் எது மேலே நிற்க வேண்டும் என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. நம் ஊர் நிலையையும் சொல்ல வேண்டும்: ஓ.டி.டி. பையனின் கைப்பேசியில் இருக்கிறது. கூடத்தில் இருக்கும் பெட்டி இன்னும் செட்டாப் பாக்ஸில்தான் ஓடுகிறது. அம்மாவுக்கு அந்த நாடகம் இருப்பதே தெரிவதில்லை.

மொழி தெரியாம இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது?

எங்கள் கூடத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் நாலு பேர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நடந்ததை நான் தமிழில் சொல்கிறேன். முதலில் இது இடைஞ்சலாக இருக்கும் என்று பயந்தேன். ஆனால் கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு, பாட்டை நிறுத்திப் பொருள் சொல்வது பழகிய விஷயம். நிறுத்திய இடத்தில் அவர்களே பேசவும் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல தமிழ் டப்பிங் இருந்தால் அதையே பாருங்கள். எழுத்தைப் படிப்பதா முகத்தைப் பார்ப்பதா என்று கண் அலைய வேண்டியதில்லை.

மூணு எபிசோடு பார்த்தேன், ஒண்ணும் ஓடலை. விட்டுடலாமா?

தாராளமாக விடலாம். ஆனால் எப்படிப் பார்த்தீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். கைப்பேசியை நோண்டிக்கொண்டே பார்த்திருந்தால், இரண்டாவது பதிலில் சொன்ன காரணத்தால், அந்த நாடகத்தை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. 'தி வயர்' முதல் நாலைந்து எபிசோடுகளில் யாரையும் அறிமுகம் செய்துவைக்காது. புதிய ஊருக்கு மாற்றலாகி வந்தவரைப் போல நாமே முகம் பார்த்துப் பழக வேண்டும். ஆறாவது எபிசோடு வரை கவனமாகப் பார்த்தும் ஒட்டவில்லை என்றால், அது உங்களுக்கான நாடகம் இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆள் பார்க்கலைங்கிறதாலேயே அதை நல்லதுன்னு சொல்றீங்களோ?

எங்களிடம் வந்த கேள்விகளில் கடினமானது இது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டார். அந்தச் சபலம் எனக்கு இருந்தது உண்மை. பத்துப் பேர் மட்டும் அறிந்ததை நாமும் அறிந்திருக்கிறோம் என்ற எண்ணம் நாடகத்தின் குறையை மறைத்துவிடும். ஆள் சேராமல் நின்றுபோன நாடகங்களில் பெரும்பாலானவை சுமாரானவை என்பதையும், அவற்றைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை என்பதால்தான் எஞ்சிய சிலவற்றை வைத்து நாம் ஒரு விதியே வகுத்துவிடுகிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விமர்சகர்களும் தவறுவார்கள். நாள்தோறும் பத்து நாடகம் பார்க்கும் ஒருவருக்கு, வழக்கத்துக்கு மாறாக இருப்பதே பெரிய நிம்மதியாகத் தோன்றலாம்.

அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நாடகம் ஒன்றைத் தொடங்கும்போது அதற்கு எத்தனை பேர் கூடினார்கள், யார் புகழ்ந்தார்கள் என்று நான் சொல்வதில்லை. நாலு வாரம் பார்த்து முடித்த பிறகுதான் சொல்கிறேன். அதற்குள் கூடத்தில் இருப்பவர்கள் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு முறை என் தெரிவை அவர்கள் நிராகரித்திருக்கிறார்கள்.

பாதியிலே நின்னுபோன நாடகத்தை எதுக்குத் தம்பி பார்க்கணும்?

எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி கேட்டது. 'ஃபயர்ஃப்ளை' 14 எபிசோடோடு நின்றது. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' 1999இல் தொடங்கி ஒரே சீசன், 18 எபிசோடோடு முடிந்தது. முடிவு தெரியாமல் போகும் ஏமாற்றம் உண்மையானது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டாவதை எடுத்தவர்கள், நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தால் கடைசி எபிசோடை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதில் நன்றாகப் படிக்கும் ஒரு பெண், கோடைப் படிப்புக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுகிறாள். சொன்ன இடத்துக்குப் போகாமல், வழியில் இறங்கித் தோழியோடு வேறு பயணம் கிளம்புகிறாள். அதற்கு மேல் கதை இல்லை.

அன்று அதைப் பார்த்து முடித்ததும், முடிவு இல்லையே என்று ஆச்சி வருந்துவார் என எண்ணி, அடுத்த சீசன் எடுக்கப்படவே இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆச்சி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அதான் கிளம்பிட்டாளே. இனிமே அவ பாடு. நாமளும் கூடவேவா போகணும்? அடுத்த வாரம் என்ன போடுறே?"